மறுகண்

கண் வரையாமல் வரும் ஜப்பானியத் தாருமா பொம்மைக்கு, வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்தான் வரைய வேண்டும். பலித்த பிறகே மறுகண்.

புத்தர் கோயிலில் நடந்த பொம்மை செய்யும் பயிற்சியில் புசாயே ஒரு கண்ணை வரைந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தோக்குஜி ஒரு கோப்பையாவது கழுவ வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டாள். முப்பது வருடமாகக் குடித்த கோப்பையை நகர்த்திக்கூட வைக்காத மனுஷன்.

தேநீர் முடிந்ததும் கோயில் பிக்கு, "யாராவது கொஞ்சம் கை குடுங்களேன்" என்றார். தோக்குஜி துள்ளி எழுந்து நாற்பது கோப்பைகளையும் பளபளவென்று கழுவி வைத்தார்.

புசாயே உடனே மறுகண்ணையும் வரைந்தாள்.

"அதுக்குள்ள பலிச்சிடுச்சாம்மா?" பிக்கு வாயைப் பிளந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தோக்குஜி காலை நீட்டினார். "அப்பாடா! அந்தக் கோப்பையைக் கழுவி டீ கொண்டா."

மறுநாள் காலை புசாயே கோயில் வாசலில் நின்றாள்.

"சாமி, இன்னொரு பொம்மை குடுங்க. நேத்து வேண்டிக்கிட்டப்ப, நம்ம வீட்டுலன்னு சொல்ல மறந்துட்டேன்."