சுஹைரா சொல்லட்டும்

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது நோய், வருத்தம் என்றால், டொக்டரிடம் வருத்தக்காரர் வாய் திறப்பதில்லை. கூடப் போகிறவர்தான் பேசுவார். வாப்பாவின் நெஞ்சுவலியை உம்மா சொன்னார். உம்மாவின் வயிற்றுவலியை நான் சொன்னேன். வருத்தக்காரர் கதிரையில் இருந்து தலையை ஆட்டினால் போதும். அதனால் என் தம்பி பெண்சாதி சுஹைராவைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலை டவுனுக்குப் போன அன்றும், பேசுவதற்கென்று, அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் மூத்தவளான நானும் தம்பி றுவைஸும் கிளம்பிவிட்டோம்.

விஷயம் இதுதான். சுஹைரா கலியாணத்துக்கு முன் துபாயில் ஒரு சலூனில் வேலை செய்தவள். அங்கே மார்பைப் பெரிதாக்கும் ஒப்பரேஷன் செய்துகொண்டாள். பெண் பேசும்போதே றுவைஸிடம் அதைச் சொல்லிவிட்டாள். ஒளித்து வைக்கிற ஆள் இல்லை அவள். நான்தான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அவள் வைக்கும் மீன் ஆணத்தைச் சாப்பிட்டுவிட்டு எவ்வளவு நாளைக்குத்தான் கோபமாக இருப்பது?

போன வருடம் தொடங்கி இடது பக்கம் கல்லாக இறுகி மேலே ஏறிவிட்டது. கையைத் தூக்கினால் வலி. கொழும்பிலிருந்து கிழமைக் கடைசியில் வருகிற டொக்டர் பூரணி, ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார்.

"உள்ளுக்கு வைச்ச பையைச் சுத்தி உடம்பு தானாகவே ஒரு சவ்வு கட்டும். இவங்களுக்கு அந்தச் சவ்வு இறுகிப் பையை நெரிக்குது. பை உடையேல்ல, பயப்பட வேண்டாம். சவ்வையும் பையையும் எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம். இந்தமுறை சின்னதா, தசைக்குக் கீழ வைச்சா திரும்ப இறுகிறது குறையும். இல்லாட்டி எல்லாத்தையும் எடுத்துட்டு, தொய்யிற தோலைக் குறைச்சு ஏத்தித் தைச்சு விடலாம். தழும்பு கூட இருக்கும். முந்தின அளவும் இராது."

"புதுசே வைங்க டொக்டர்," என்றான் றுவைஸ். துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவன் அவன். "ஒரிஜினல் சாமானாப் பாத்து வைங்க."

"ஓம், புதுசுதான்," என்று நானும் ஒத்து ஊதினேன்.

"வலி எந்த நேரம் கூட?" என்று டொக்டர் கேட்டார். "படுக்கக்குள்ள," என்றேன் நான். "விரல் விறைக்குதா?" என்றார். "இல்ல," என்றான் றுவைஸ்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "நான் இவங்களைக் கேக்கிறன். உடம்பு இவங்கட. சுஹைரா சொல்லட்டும்."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இருந்தேன்.

சுஹைரா பர்தாவின் நுனியைத் திருகினாள். "எடுத்துடுங்க டொக்டர். புதுசு வேணாம்." இதைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். "இது இருக்கக்குள்ளயே இவர் என்னைத் தள்ளித் தள்ளித்தான் பிடிப்பார். இதுவும் இல்லாமப் போனா..."

றுவைஸ் எழும்பி நின்றுவிட்டான். "அல்லாஹ்! வெடிச்சிடும் எண்ட பயத்தில டொக்டர்!"

"என்னது?"

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் இவளை ஒருக்காவது இறுக்கிப் பிடிச்சதில்ல. உள்ளுக்கு உடைஞ்சா இவளுக்கு என்னவும் ஆகிடும் எண்டு பயம்."

சுஹைரா அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "அப்ப ஏன் புதுசு வைக்கச் சொன்னீங்க?"

"நீ ஆசைப்பட்டு வைச்சது. எடு எண்டு சொல்ல நான் ஆரு?"

ஒன்பது வருடமாக ஒரே பாயில் படுத்தெழும்புகிறார்கள். இவளுக்கு அவன் வெறுக்கிறான் என்ற பயம். அவனுக்கு இவள் வெடித்துவிடுவாள் என்ற பயம்! என் கூடப் பிறந்தவன் இப்படி ஒரு மடையனா என்று அங்கேயே தலையில் குட்ட வேண்டும்போல் இருந்தது. டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கட்டிப் பிடிக்கிறதால அது உடையாது," என்றார்.

ஒப்பரேஷன் கொழும்பில் நடந்தது. பையும் சவ்வும் போயின. மீந்த தோலைக் குறைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பாரம் தூக்காதே, இறுக்கமாக எதுவும் படக்கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. சமையல் என் தலையில் விழுந்தது. என் ஆணத்தைக் குறை சொல்லிச் சொல்லியே சுஹைரா தேறினாள்.

காயத்தைக் கடைசியாகக் காட்டப் போன அன்று டொக்டர், "நல்லா ஆறிட்டுது, இனி ஒரு கட்டுப்பாடும் இல்ல," என்றார். பாலத்தில் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு விளங்காமல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் அறைக்குள் போனார்கள். நான் நேரே குசினிக்குள் போய், மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டேன்.

அவர்களைக் கூப்பிடவில்லை. என்னுடையதைக் குடித்து முடித்தேன். மற்ற இரண்டும் ஆறிப்போய் ஆடை கட்டின. கட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.