மஞ்சள் சாக்பீஸ் டிக்

முதல் கியரைப் போட்டால் வண்டி பின்னால் பாயும் என்பது அந்தக் கல்குவாரியில் கூடியிருந்த பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

அவன் மெக்கானிக். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவன் வெல்டர். மெக்கானிக்கின் தங்கை கணவன். அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கல்யாண மேடையிலேயே “வாடா மச்சான்”, “போடா மாப்ள” என்று பேசிக்கொண்டதற்குப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இனிமேலாவது மரியாதையாகப் பேசுங்கள் என்று இருவரையும் தனியே அழைத்துச் சொன்னார்கள். ஒன்பது வருஷமாகியும் ஒருவரும் திருந்தவில்லை.

வண்டி இருவரும் ஷெட்டில் சொந்தமாகக் கட்டியது; அதற்கு இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்திருந்தார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் கவிழ்ந்துபோன ஒரு வேனுடையவை. பின்சக்கரங்கள் சின்ன டிராக்டருடையவை, முன்சக்கரங்கள் ஜீப்புடையவை. சீட் பழைய பஸ்ஸிலிருந்து வந்தது. ஹெட்லைட் ஸ்கூட்டருடையது, அதுவும் ஒன்றுதான். தங்கை ஒருநாள் ஷெட்டுக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாததெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கு. கூட்டுக்குடும்பம்னு பேர் வைங்க” என்றாள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

ஷெட்டில் ஒரே ஒரு சட்டம். ஒருவன் செய்த வேலையை மற்றவன் சோதித்து, மஞ்சள் சாக்பீஸால் டிக் போட வேண்டும். டிக் இல்லாத வண்டியில் யாரும் ஏறக் கூடாது. ஆரம்பத்தில் பெட்ரோல் குழாய் ஒழுகி வெல்டரின் பாதி மீசை பொசுங்கிய அன்று வந்த சட்டம் அது.

ஞாயிறு வெள்ளோட்டம் என்று முடிவான பிறகு, வெள்ளிக்கிழமை ஒரு சிக்கல். இன்ஜினிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட் மிகவும் தாழ்ந்து கிடந்தது; முதல் பாறையிலேயே இடிக்கும். வெல்டர் யோசித்தான். மெக்கானிக் கடையில் வேலையாக இருந்த நேரத்தில் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலை அப்படியே மல்லாக்கத் திருப்பி, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களை அறுத்து, மறுபடி பற்றவைத்துவிட்டான். ஷாஃப்ட் நான்கு விரற்கடை உயர்ந்தது. வெல்டிங் பற்று என்றால் பற்று, மீன் செதில் அடுக்கியதுபோல. ஊரில் அந்தக் கைக்கு ஜோடி கிடையாது.

சனிக்கிழமை மதியம் டீக்கடையில் அதைத்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தான். லேத் பட்டறை டர்னர், “அப்போ மச்சானுக்கு என்னதான் வேலை?” என்று கொக்கி போட்டார்.

“மூளை என்னோடது. கை அவனோடது” என்றான் வெல்டர். “ஸ்பானரக் கையில குடுத்தாப் போதும். சமத்தா முடுக்கிட்டு உக்காந்திருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தான். பாதி டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

மூன்று மணிக்கு ஆக்ஸிலைச் சோதிக்க ஷெட்டுக்குப் போனான். பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்டைக் கையால் சுற்றினான். சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றது. மறுபடி சுற்றினான். அதேதான். ஆக்ஸிலைக் கவிழ்த்தால் உள்ளே பல்சக்கரம் பக்கம் மாறும். முன்னால் போக வேண்டிய நான்கு கியரும் பின்னால் இழுக்கும், ரிவர்ஸ் போட்டால்தான் முன்னால் போகும். மூளைக்காரன் இதை யோசிக்கவே இல்லை.

மெக்கானிக்குக் குளுகுளுவென்று இருந்தது. நாளைக்கு டர்னர் வருவார், பட்டறை ஆட்கள் வருவார்கள். ஓட்டப்போவது சமதரையில்தான். மாப்பிள்ளை ஜம்மென்று கியர் போடுவான், வண்டி முரண்டு பிடித்த மாடு மாதிரி பின்னால் நகரும். ‘மூளை யாரோடதுடா மாப்ள?’ என்று ஒரே ஒரு கேள்வி. போதும்.

சாக்பீஸை எடுத்து ஆக்ஸிலின் மேல் டிக் போட்டான்.

ஞாயிறு காலை குவாரி மேட்டில் மினி லாரியிலிருந்து வண்டியை இறக்கினார்கள். வெல்டர் குனிந்து டிக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான்.

“சமதரையில எவன் வேணா ஓட்டுவான். அந்தச் சரிவுல ஏத்திக் காட்டுறேன். வண்டியத் தள்ளுங்க.”

சரிவின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றது. பின்னால் பதினைந்தடி தள்ளிக் கல் வெட்டிய பள்ளம். இரண்டு ஆள் ஆழம்.

மெக்கானிக் அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். ஓரடி முன்னால் வைத்தான். “மாப்ள...”

“என்னடா மச்சான், உனக்கு உதறுதா?” என்றான் வெல்டர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்க இரண்டு நொடி ஆகியிருக்கும். அந்த இரண்டு நொடியில் சொல்லியிருக்கலாம். மெக்கானிக் உதட்டை மடித்துக்கொண்டான்.

மேடு ஏற வேண்டுமே என்று வெல்டர் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துத்தான் கிளட்சை விட்டான்.

பள்ளத்தில் தண்ணீர் இல்லை. கல்தான் இருந்தது.

வெல்டரின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெல்டர் சொன்னான்: “நான்தான் தலகீழா வச்சேன். நீ டிக் போட்டிருந்தேடா. உன் கண்ணுக்கே தப்பிச்சிருக்குன்னா யாரக் குத்தம் சொல்ல? விடு மச்சான்.”

மெக்கானிக் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தான். உரித்ததை யாருக்கும் கொடுக்கவில்லை.

வண்டியை அவனே மேலே ஏற்றி, நிமிர்த்தி, ஆக்ஸிலைச் சரியாகத் திருப்பி மாட்டினான். நான்கு மாதம் கழித்து வெல்டர் ஷெட்டுக்கு வந்தான். முகமூடியைப் போட்டுக்கொண்டு, இடது கையால் ஒரு பட்டையைப் பற்றவைத்தான். பற்று புழு நெளிந்ததுபோல் கோணிக்கொண்டு போனது. முகமூடியைத் தூக்கி, வியர்வையைத் துடைத்து, சாக்பீஸை நீட்டினான்.

“பாத்து டிக் போடுடா. நீ போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை.”

மெக்கானிக் வாங்கவில்லை. டீக்கடைச் சிரிப்பு, ஜாக்கியில் சுழன்ற சக்கரம், டிக், இரண்டு நொடி, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வெல்டர் கத்துவான் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். வெல்டர் மெஷினை அணைத்தான். ஒயரைப் பொறுமையாகச் சுருட்டி ஆணியில் மாட்டினான். சாக்பீஸை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

“சரி” என்றான். போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு மெக்கானிக் தங்கை வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது வெல்டர்தான். வழிவிட்டு விலகினான்.

“வாங்க” என்றான். “உக்காருங்க. உங்க தங்கச்சி உள்ளதான் இருக்கா.”

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப்பார்த்துச் சிரித்தாள். அவளிடம் எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. “என்ன இது அதிசயமா இருக்கு? ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் அண்ணனுக்கு மரியாதை கிடைக்குதா?”

காட்டிய நாற்காலியில் மெக்கானிக் உட்கார்ந்தான்.