நூற்றுப் பதினான்காம் பக்கத்துத் தவறு

சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்யும் ஜேன், பதின்ம வயதினருக்காக நான்கு நாவல்கள் எழுதியிருந்தாள். ஒன்று குடிகார அப்பாவைப் பற்றியது. ஒன்று குண்டர் கும்பலைப் பற்றியது. மூன்றாவதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாகிறாள். அது வெளிவந்தபோது கோயிலில் சில பேர் ஜேனோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். நான்காவதுதான் அதிகம் விற்றது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், அதனால் அடையாளக் கார்டும் இல்லாமல், பிறந்த நாட்டிலேயே கணக்கில் வராதவளாக வளரும் ஒரு பெண்ணின் கதை.

அந்த நாவலுக்கு ஒரு சனிக்கிழமை காலை வாசகர் சந்திப்பு வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்து எல்லோரும் கையெழுத்துக்காக வரிசையில் நின்றார்கள். கடைசியாக வந்தவள் ஒல்லியான, கறுத்த பெண். பதினெட்டு வயதுதான் இருக்கும். கையிலிருந்த புத்தகம் மழையில் நனைந்து காய்ந்ததுபோல் உப்பியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது.

"பேரு என்னம்மா? யாருக்குன்னு எழுதட்டும்?" என்று ஜேன் பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்து வேணாம்க்கா. நூத்திப் பதினாலாம் பக்கம் தப்பா இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஜேனுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். கதாநாயகி தனியாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய், முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் தன் கதையைச் சொல்லி அழுகிறாள். அவர் மனம் இளகி விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார். எழுதும்போது ஜேனும் அழுதிருந்தாள்.

"நானும் அப்படித்தான்க்கா போனேன். உங்க புத்தகத்தப் பேக்ல வச்சிக்கிட்டுத்தான் போனேன். கவுண்டர்ல இருந்த அம்மா நல்லவங்கதான், தண்ணியெல்லாம் குடுத்தாங்க. ஆனா அழுதா எடுத்துக்க மாட்டாங்களாம். நீ இவங்க வயித்துல பொறந்தன்னு யாராச்சும் பாத்தவங்க வந்து சொல்லணுமாம். என்னென்ன பாரம் நிரப்பிக் குடுக்கணும்னு ஒரு லிஸ்ட் குடுத்தாங்க. அதெல்லாம் இதுல எழுதி வச்சிருக்கேன்."

பென்சில் எழுத்துகள் அவைதான். ஓரங்களில், வரிகளுக்கு நடுவில், அத்தியாயத் தலைப்புகளின் மேல் எல்லாம் அவள் போய் வந்த ஒன்பது முறையும் தேதியோடு இருந்தன.

ஜேன் பேனாவை மூடினாள். இரண்டு பேரைப் பேட்டி கண்டு, மீதியைக் கற்பனையால் நிரப்பி, அதற்குப் பரிசும் வாங்கியிருந்தாள். "என்னைய மன்னிச்சிரும்மா" என்றாள்.

"ஐயோ, குத்தம் சொல்ல வரலக்கா. இன்னொரு தடவ அச்சடிப்பீங்கல்ல, அப்ப மாத்திருங்க. வேற ஒரு பொண்ணு இத நம்பிப் போவும்லா."

அவள் பெயர் லோகேஸ்வரி. சிடாம் கிரியில் ஒரு செம்பனை நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்பும் வேலை. அம்மா புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். லோகேஸ்வரிக்கு நான்கு வயதாகும்போது காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா யாரென்று சரியாகத் தெரியாது. பினாங்கில் பேக்டரி வேலையில் இருந்த பெரியம்மா வந்து தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். ஆனால் பிரசவத்தின்போது அவர் அங்கே இல்லை. தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் நாலா பக்கமும் சிதறிப் போயிருந்தார்கள்.

"அவங்கள எப்படித் தேடுன?"

"கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழான்னா போயிருவேன்க்கா. அந்தத் தோட்டத்து ஆளுங்க யாராச்சும் வருவாங்கல்ல. அழைக்காத கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கேன்." அவள் சிரித்தாள். "போன மாசம், தோட்டத்துல வேல வாங்குன பழைய மண்டோர் சின்னையாவப் பாத்தேன். உங்கம்மாவப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனது லோரி ஓட்டுன இருளப்பன்தான்னு சொன்னாரு. இப்ப பண்டார் பாருல மக வீட்ல இருக்காராம். நாளைக்கு லீவு. பஸ்ல போகப் போறேன்."

"என் காடில போலாம்" என்றாள் ஜேன்.

மறுநாள் வழியில் போலீஸ் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. கார் நெருங்க நெருங்க லோகேஸ்வரியின் பேச்சு நின்றது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். போலீஸ்காரர் கையசைத்து அனுப்பிவிட்டார். பதினெட்டு வருடமும் ஒவ்வொரு சாலையிலும் இவள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று ஜேன் நினைத்துக்கொண்டாள். நூற்றைம்பது பக்க நாவலில் இந்தக் கைகள் எங்கேயும் வரவில்லை.

இருளப்பனுக்கு எழுபது தாண்டியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி அவர் முன்னால் குந்தி, அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

"எந்தப் பிரேமாவதி?" என்றவர், சட்டென்று வானொலியை அணைத்தார். "பாப்பா, நீ லோரில பொறந்த புள்ளையா?"

தான் லோரியில் பிறந்தவள் என்பதே லோகேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"செம்பனைப் பழம் ஏத்திட்டு எண்ணெ பேக்டரிக்குக் கெளம்பிட்டு இருந்தேன். வேற வண்டி இல்ல. உங்கம்மாவ முன்னால ஏத்திக்கிட்டேன். பாதி வழியில, அண்ணே நிறுத்துங்கன்னு கத்துனுச்சு. நான் என்ன கண்டேன்? எனக்கு லோரி ஓட்டத்தான் தெரியும். அதுதான் சொல்லிக் குடுத்துச்சு. இப்படிப் புடிங்கண்ணே, தலையப் புடிங்கண்ணேன்னு. வலியில துடிச்சிக்கிட்டே எனக்குத் தைரியம் சொல்லுது! நீ வந்த. சத்தமே இல்ல. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். உங்கம்மா உன்னைய வாங்கி, வாயத் தொடச்சி, முதுகத் தேய்ச்சுச்சு. தேய்ச்சிக்கிட்டே இருந்துச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. நான் போதும்மான்னுகூடச் சொல்லிட்டேன். அது நிறுத்தல. அப்பதான் நீ கத்துன."

லோகேஸ்வரி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். அதான் பொறந்திருச்சேண்ணே, வீட்டுக்கு விடுங்கன்னுச்சு. பத்திரம் கித்திரம் யாரு நெனச்சா?"

"தாத்தா, எந்தத் தேதின்னு ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல சும்மா ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்காங்க."

"மறக்குமா? தைப்பூசத்துக்கு மொத நாளு. நான் காவடிக்கு வெரதம். சட்டையெல்லாம் ரத்தம். கோயிலுக்குப் போயி பூசாரிகிட்ட, சாமி தீட்டாயிருச்சே, காவடி எடுக்கலாமான்னு கேட்டேன். நீ ஏற்கெனவே காவடி எடுத்துட்டுத்தானய்யா வந்திருக்கன்னாரு."

அந்த வருடத் தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி. ஜேன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். "ஜனவரி முப்பத்தொண்ணு" என்று லோகேஸ்வரி மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஆஃபீஸ்ல வந்து இத சொல்லுவீங்களா தாத்தா?"

"வர்றேன். என்னைக்கின்னு சொல்லு."

செவ்வாய்க்கிழமை அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் அதே கதையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முகப்பிலிருந்த அம்மையார் எழுதுவதை நிறுத்தி, ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விசாரணை இருந்தது, பெரியம்மாவுக்கும் லோகேஸ்வரிக்கும் உறவை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை இருந்தது, அப்புறம் காத்திருப்பு. ஒரு மாதம் ஒரு பதிலும் வராது. அடுத்த மாதம் இன்னொரு பாரம் கேட்டுக் கடிதம் வரும். லோகேஸ்வரி சலிக்கவில்லை. வேலை முடிந்து கை கழுவிவிட்டு அடுத்த பாரத்தை நிரப்ப உட்காருவாள்.

அந்த மாதங்களில் ஜேன் கடைசி மூன்று அத்தியாயங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பதிப்பாளர் மனோகரனுக்குப் பிடிக்கவில்லை. "பாரம், சாட்சி, ரத்தம்னு போனா எந்தப் புள்ள படிக்கும்? அழுகைதான் நிக்கும்லா" என்றார். ஜேன் கேட்கவில்லை. எழுதியதையெல்லாம் லோகேஸ்வரிக்கு அனுப்பினாள். அவள் குரல்செய்தியில் திருத்துவாள். "பயமா இருந்துச்சுன்னு போடாதீங்கக்கா. நம்பர் கூப்பிடுறப்ப காது அடைச்சிக்கும், அத போடுங்க." நான்கு நாவல் எழுதியவள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் இவ்வளவு துல்லியமாக ஒருத்தியால் எப்படிப் பார்க்க முடிகிறது என்று அவளுக்குப் புரியவேயில்லை.

பதினோராவது மாதம் பிறப்புப் பத்திரம் வந்தது. அடையாளக் கார்டுக்கு இனிமேல்தான் எழுதிப் போட வேண்டும். அதுவும் சுலபமில்லை என்று இருவருக்கும் தெரியும். அலுவலகத்துக்கு வெளியே, காடிக்குள் உட்கார்ந்து லோகேஸ்வரி பத்திரத்தை மடியில் விரித்தாள். அப்பா பெயருக்கான இடத்தில் தகவல் இல்லை என்றிருந்தது. அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தாள். பிறகு மறுபடியும் மேலே போனாள்.

"காடிய எடுக்கட்டுமா?" என்று ஜேன் கேட்டாள்.

"கொஞ்சம் இருங்கக்கா. என் பேரும் அம்மா பேரும் ஒரே காகிதத்துல இருக்கறத இப்பதான் பாக்குறேன்."

ஜேன் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.