வீடு தேடி வந்த சீட்

மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் சலவை ஆலையில் இஸ்திரி போடுகிறவளின் மூத்த மகளுக்குக் கல்லூரியில் கிடைத்த சீட், ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, நாற்பத்தொரு கிலோமீட்டர் நடந்து அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. சாதாரண மர நாற்காலிதான். எழுதுவதற்கு வலப்பக்கம் ஒரு கைப்பலகை, முதுகில் வெள்ளை வண்ணத்தில் 214 என்ற எண், நான்கு கால்களிலும் முழங்கால் வரை சேறு. நாற்காலிக்கு முழங்கால் ஏது என்று கேட்பவர்கள் குறுக்குச் சட்டம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுப்போட்ட கையோடு கதவைத் திறந்த இஸ்திரிக்காரி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கால தொடச்சிட்டு உள்ள வா," என்றாள். நாற்காலி வாசலில் கிடந்த சாக்கில் காலைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தது.

தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் நாடெங்கும் நாற்காலிகள் நடந்துகொண்டிருந்தன. யாருமே பட்டம் வாங்காத வீடுகளின் பிள்ளைகளுக்கென்று அரசு ஆறு ஆண்டுகளாக இடம் ஒதுக்கி வந்தது, அதில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. அறிவிப்பு வெளியான செய்தித்தாள் அந்த வீடுகளுக்குப் போவதில்லை. அனுப்பிய கடிதங்கள் முகவரி சரியில்லை என்று திரும்பின. விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்கப் போனவர்களைக் காவலாளியே வாசலோடு திருப்பி அனுப்பினார். கடைசியில் கல்வித் துறைச் செயலாளர் ஒரு கூட்டத்தில் பொறுமை இழந்து, மாணவர்கள் இருக்கையைத் தேடி வராவிட்டால் இருக்கைகள் மாணவர்களைத் தேடிப் போகட்டும் என்று கோப்பின் ஓரத்தில் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் மனதில் இருந்தது வேறு ஏதோ. ஆனால் கோப்பு மேசை மேசையாக இறங்கி, அச்சாகி, அரசாணை ஆகிவிட்டது. நாற்காலிகள் அரசுச் சொத்து என்பதால் ஆணைக்குக் கட்டுப்பட்டன. எண்ணாயிரத்துச் சொச்சம் நாற்காலிகள் சாலையோரமாக வரிசையில் போயின, போக்குவரத்துக் காவலர்கள் சந்திகளில் அவற்றுக்கு வழிவிட்டார்கள், மேம்பாலத்தில் ஏறத்தான் ஒன்றிரண்டு தயங்கின. பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் ஆளோடு திரும்பின.

214 திரும்பவில்லை. அது தேடி வந்த பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது. எழுதுவது, நறுக்குவது, கதவைத் தட்டுவது எல்லாமே இடது கையால் என்பதால் தெரு அவளை நொட்டாங்கை என்றே கூப்பிட்டது. சின்ன வயதில் அம்மா 'கைய மாத்து, கைய மாத்து' என்று கரண்டிக் காம்பால் விரலில் தட்டித் தட்டிப் பார்த்தாள். கை மாறவில்லை. அந்தக் கையால் எழுதித்தான் கணக்கில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். நாற்காலி வருவதற்குப் பத்து நாள் முன்பு, ஆலையின் நீராவிப் பெட்டியில் அம்மாவின் வலது கை சிக்கி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெந்துபோனது. வேலை கைவிட்டுப் போகாமலிருக்க மகள் அம்மாவின் இஸ்திரி மேசைக்குப் போனாள். அப்பா லாரியோடு போனவர், லாரி மட்டும்தான் திரும்பி வந்தது. வீட்டில் பதினோரு வயதில் ஒரு தங்கை இருந்தாள். "தங்கச்சி பள்ளிக்கூடம் முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்," என்று நொட்டாங்கை நாற்காலியிடம் சொன்னாள். அது சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டது.

ஏழு ஆண்டுகள் நின்றது. தெருமுனைத் தையல்காரர் ஒருமுறை சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். நாற்காலி முன்பக்கமாக மெல்லச் சாய்ந்து, அவரை மரியாதையாகத் தரையில் இறக்கிவிட்டது. தலையணை உறைகளைக் காயப்போட மட்டும் இடம் கொடுத்தது. நொட்டாங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஈரத்துணியால் அதைத் துடைப்பாள், ஆனால் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அந்தச் சீட் வேண்டும். நாளெல்லாம் நின்று விரிப்புகளைத் தேய்க்கும்போது ஒவ்வொரு விரிப்பையும் எட்டாக மடிப்பதற்குள் மனதில் ஒரு கணக்கைப் போட்டு முடிப்பாள். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஆண்டுக்கொரு முறை இருக்கைக் கண்காணிப்பாளர் வருவார். தெரு அவருக்குச் சீட் சார் என்று பெயர் வைத்திருந்தது. பதிவேட்டைப் பிரித்து, நிரம்பியதா என்று கேட்பார். இல்லை என்றதும் ஏழு ஆண்டுக்குள் நிரம்பாத இருக்கை விறகுக்குப் போய்விடும் என்ற விதியை வாசித்துக் காட்டுவார், தண்ணீர் குடிப்பார், போவார். மூன்றாம் ஆண்டு அளந்து பார்த்தபோது, வலப்பக்கம் இருந்த கைப்பலகை நாலு விரற்கடை முன்னால் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். யார் கழற்றி மாட்டியது என்று கேட்டார். யாரும் மாட்டவில்லை. நாலாம் ஆண்டு அது நட்டநடுவில் வந்து, குழந்தைக்குச் சோறூட்டும் நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. பதிவேட்டில் 'நல்ல நிலை', 'பழுது' என்று இரண்டே கட்டங்கள். மனிதர் வெகுநேரம் யோசித்து, இரண்டுக்கும் நடுக்கோட்டின் மேல் 'போய்க்கொண்டிருக்கிறது' என்று எழுதினார். ஆறாம் ஆண்டு பலகை இடப்பக்கம் போய்ச் சேர்ந்து, திருகாணியெல்லாம் இறுகி, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல இருந்தது. மூத்தவள் ஆலையிலும் இளையவள் பள்ளியிலும் இருக்கும் பகல் பொழுதுகளில் வீட்டில் தனியாக இருந்த அம்மா என்ன செய்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஏழாம் ஆண்டு தங்கை பள்ளியை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். கெடு முடியப் பதினேழு நாள் இருக்கும்போது சீட் சார் வந்தார். தங்கையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் நொட்டாங்கை. ஒரு வீட்டுக்கு ஒரு சீட்தான், அது யாராக இருந்தாலும் எனக்குச் சரி என்று அவர் பேனாவைத் திறந்தார். தங்கை உட்கார்ந்தாள், நாற்காலி இறக்கிவிட்டது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி இறக்கிவிட்டது. மூன்றாம் முறை அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, அந்தப் பலகை எந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.

"இது உனக்குன்னு ஏழு வருஷமா நிக்குதுக்கா. எனக்கு வேணும்னா நான் போய் வாங்கிக்கிறேன்."

"நான் போனா மேசைக்கு யாரு போவா?" என்றாள் நொட்டாங்கை. சீட் சார் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். நாற்காலியின் கைப்பலகை மேல் ஒரு தலையணை உறையை விரித்து, பெட்டியை இடது கையில் எடுத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் தேய்த்து, இடது கையாலேயே மடித்து மகள் முன்னால் வைத்தாள். அதில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த ஏழு வருடப் பகல்களில் முதலில் கரண்டி, பிறகு பொத்தான், பிறகு சூடில்லாத பெட்டி, பிறகு சூடான பெட்டி என்று அவள் அந்தப் பலகையின் மேல்தான் பழகியிருக்கிறாள்.

"அப்ப உன்ன கைய மாத்து கைய மாத்துன்னு அடிச்சேன். இப்ப நான் மாத்திக்கிட்டேன். நீ கெளம்பு."

ஆலை மேற்பார்வையாளர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு அவள் தேய்த்த விரிப்பைப் பார்த்தார், சரி என்றார். நொட்டாங்கை கெடுவுக்கு நான்கு நாள் முன்பு கிளம்பினாள். நாற்காலி முன்னால் நடந்தது, அவள் பின்னால் நடந்தாள். ஏறி உட்கார்ந்து போக அது வண்டியில்லை. வழியில் இரண்டு இடத்தில் நின்று அவளுக்காகக் காத்திருந்தது. வகுப்பறையில் அவள் நுழைந்ததும், இருபத்தைந்து வயதுக்காரியைப் பார்த்து ஆசிரியை என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். 213-க்கும் 215-க்கும் நடுவே ஏழு வருடமாக விட்டுவைத்திருந்த இடத்தில் நாற்காலி போய் நின்றது. அவள் முதன்முறையாக அதில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் இடது முழங்கையை நீட்டினாள். பலகை அங்கே இருந்தது. வருகைப் பதிவில் தன் முறை வந்தபோது அவள் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள், பேராசிரியர் இரண்டு முறை கூப்பிட வேண்டியதாயிற்று.

மறுவாரம் தங்கை சீட் சாரின் அலுவலகத்துக்குப் போய் அரசாணையின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு சீட் என்று அதில் எங்கேயும் இல்லை, அது பழக்கத்தில் வந்த பேச்சு. யாரும் பட்டம் வாங்காத வீடு என்றுதான் இருந்தது. அக்கா இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறாள், பட்டம் இன்னும் வாங்கவில்லை, ஆகையால் எங்கள் வீடு இன்னமும் யாரும் பட்டம் வாங்காத வீடுதான் என்றாள். சீட் சார் ஆணையை மூன்று முறை முன்னும் பின்னும் படித்தார். மறுத்துச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்காததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. விண்ணப்பத்தை அவரே நிரப்பி, அவரே மேசை மேசையாகக் கொண்டுபோனார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரம், வாசலில் டக் டக் என்று சத்தம் கேட்டது. வேலைக்குக் கிளம்பிய அம்மா இடது கையால் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "கால தொடச்சிட்டு உள்ள வா," என்றாள். அது ஏற்கெனவே சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தது.