பத்து நிமிடம் செல்லும் எண்

"எழுவத்தொண்ணு, நாப்பத்தாறு, பூஜ்ஜியம் மூணு" என்று சங்கரவடிவு தன் கைபேசியைப் பார்த்து வாசித்தாள். எண்களை அவள் எப்போதும் இரண்டிரண்டாகத்தான் சொல்வாள். குற்றாலிங்கம் அதை மேசைமேல் இருந்த டேப்லெட்டில் இட்டார். வகுப்பில் இருந்த இருபத்திரண்டு டேப்லெட்டுகளும் திறந்துகொண்டன. பிள்ளைகள் சேவல் படத்தைத் தொட்டார்கள். சேவல் "சரியான விடை" என்றது.

"இன்னைக்கு நெட்டு பரவாயில்ல, சார்" என்றாள் சங்கரவடிவு. நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மணி ஒன்பது பத்து.

அவர்கள் கணவனும் மனைவியும். அவள் தலைமை ஆசிரியை, அவர் உதவி ஆசிரியர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆசிரியர் கிடையாது. வீட்டில் அவள் "ஏங்க" என்பாள், அவர் "வடிவு" என்பார். பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டியதும் அவர் சார், அவள் டீச்சர். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் இது பிசகியதில்லை. வழியில் தொடங்கிய சண்டையைக்கூட உள்ளே வந்ததும், "சார் சொல்லுதது எனக்குச் சரியாப் படல" என்று மரியாதையாகத் தொடர்வாள்.

கைபேசி அவளோடு போயிற்று. பாடையை எடுக்கும் நேரத்தில் அவளுடைய தம்பி அதை அவள் கையில் வைத்துவிட்டார். அது இல்லாமல் அக்கா எங்கேயும் போனதில்லை என்றார். சார்ஜ் எழுபது சதவீதம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குற்றாலிங்கம் பள்ளிக்கூடம் வந்தார். டேப்லெட்டைத் தொட்டார். 'பதிவு செய்த கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது. பத்து நிமிடத்துக்குள் இடவும்' என்று எழுத்து வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று நிமிடம் போயிற்று.

ஒன்றாம் வகுப்புப் பாயிலிருந்து தன்ஷிகா எழுந்தாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவளுக்கு இருபதுவரைதான் எண்ணத் தெரியும்.

"சார், முப்பத்தெட்டு, பத்து, அறுவத்தஞ்சு" என்றாள்.

இட்டார். திறந்தது.

"சார், சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள் தன்ஷிகா. பிறகு உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது பத்துக்கு எண் வந்தது. ஒன்றாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள். அவர்களில் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார்கள். மற்ற வகுப்புகளுக்கு வராது. சத்துணவு சமைக்கும் மாடத்திக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"ஒண்ணாப்புக்குத்தான டீச்சர் பாடம் எடுத்தாவ. வேற யார்ட்ட போய்ச் சொல்லுவாவ?" என்றாள்.

எண்ணுக்குப் பிறகு ஒரு வாக்கியம் வரும். ஒன்றே ஒன்றுதான். "சார், கேஸ் புக் பண்ணலையா?" என்று ஒருநாள். "சார், அந்தப் பச்சைத் துண்டு பரண்ல இருக்கு" என்று இன்னொரு நாள். ஒருமுறை, "சார், மாடத்திகிட்ட ரசத்துக்கு உப்பு பத்தலைன்னு சொல்லுங்க" என்று வந்தது.

மாடத்தி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "போய்ச் சேந்த பெறவும் என் ரசத்த விட மாட்டேங்காவ பாருங்க சார். அங்க யாரு ரசம் வைக்கா, அவள்ட்ட போய்ச் சொல்லச் சொல்லுங்க."

ஆனாலும் அன்று உப்பு போட்டாள்.

குற்றாலிங்கம் பதில் சொல்லிப் பார்த்தார். எண் வந்த கையோடு, "டீச்சர், நீங்க சாப்ட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

தன்ஷிகா யோசித்தாள். "இட்லி சாப்ட்டேன் சார். ரெண்டு."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. காலையில் எழுந்ததும் குளித்துவிட்டு, பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு, எட்டரைக்கே பள்ளிக்கூடம் வந்துவிடுவார். ஒன்பது பத்துவரை மேசையைத் துடைப்பார். மேசை நன்றாகத் துலங்கியது. இரவில் தூக்கமும் வந்தது.

டேப்லெட்டுகளில் பாடம் ஏறும்போது திரையில் ஒரு வட்டம் சுழலும். அப்போது பள்ளிக்கூடமும் சுழலும். மெதுவாகத்தான். பிள்ளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். மாடத்தி சாம்பார் வாளியைத் தரையில் இறக்கிவிடுவாள். வட்டம் நிற்கும்போது வாசல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அன்றைக்கு அதுதான் வாசல். சில நாள் குளத்தைப் பார்த்து நிற்கும். அன்றைக்குப் பிள்ளைகள் கரை வழியாக வீட்டுக்குப் போவார்கள்.

ஒரே ஒருநாள்தான் சிக்கல் வந்தது. காய்ச்சல் பரவிய வாரம். ஒன்றாம் வகுப்பில் நான்கு பேர் வரவில்லை. தன்ஷிகாவும் ஒன்பது பத்துக்கு வந்து சேரவில்லை. எண் சொல்ல ஆள் இல்லை. பதினைந்துக்குக் குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தபோது வகுப்பில் யாருமே இல்லை. வாசலில் செருப்புகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

மாடத்தி எட்டிப் பார்த்தாள். "உலை வைக்கவா, வேண்டாமா?"

"கொஞ்சம் பொறு" என்றார்.

பதினெட்டுக்குத் தன்ஷிகா மூச்சு வாங்க ஓடி வந்து, வாசலில் நின்றபடியே எண்ணைச் சொன்னாள். இட்டதும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் வாயில் பாதி முறுக்கு இருந்தது.

"எங்கல போனீங்க எல்லாரும்?"

"இங்கதான் சார் இருந்தோம்."

பதிவேறாத பிள்ளை இல்லாத பிள்ளை என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

கல்வித்துறை அலுவலர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மணி பத்து இருக்கும். பிள்ளைகள் ஏறி, பாடம் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் சுழன்றுகொண்டிருந்தது. அலுவலர் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். வாசல் இரண்டுமுறை அவரைக் கடந்து போனது. மூன்றாம் முறை பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே தாவினார்.

"குற்றாலிங்கம் நீங்கதானா?"

"ஆமா சார்."

"எச்.எம். எங்க?"

"இறந்துட்டாங்க."

"லீவ் லெட்டர் குடுத்தாங்களா?"

"இல்ல."

"சரி விடுங்க. அது வேற செக்‌ஷன்." அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அவங்க நம்பருக்குத்தான் இன்னும் ஓடிபி போகுது. இன்னைக்கு சாயங்காலத்தோட நிறுத்திருவாங்க. நம்பர் மாத்தியாகணும்."

"மாத்தலைன்னா?"

"திங்கக்கிழமை பிள்ளைங்க ஏற மாட்டாங்க."

குற்றாலிங்கம் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். தாளை வாங்கிப் படித்தார். 'பழைய எண்ணுக்கு உரியவர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். நேரில் வர இயலாதவர், இயலாமைக்கான காரணத்தை நேரில் வந்து தெரிவிக்க வேண்டும். அதுவும் இயலாதவர் ஒப்புதல் எண் மூலம் சம்மதம் தெரிவிக்கலாம்.'

"மூணாவது நம்மளுக்குச் சரியா வரும்" என்றார் அலுவலர். "டேப்லெட்டக் குடுங்க. நானே அந்தப் பக்கத்த எடுத்துத் தாரேன்."

அவர் தொட்டதும் டேப்லெட் ஒரு ஆமையைக் காட்டி, இது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டது. அலுவலர் அவசரத்தில் எதையோ தொட்டார். டேப்லெட் வருந்தும் இசையை வாசித்தது. 'நிலை: அரும்பு' என்று வந்தது.

பிள்ளைகளுக்கு அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்புப் பாய்.

"அரும்புன்னா இங்க வரணும் சார்" என்று தன்ஷிகா நகர்ந்து இடம் விட்டாள்.

"பாப்பா, நான் எம்.எட்."

"அது இதுல ஏறலையே."

அலுவலர் குற்றாலிங்கத்தைப் பார்த்தார். குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார். அலுவலர் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "முழங்கால் வலிக்கு இது நல்லதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மாற்றும் பக்கம் திறந்தது. 'மாற்று' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதன்மேல் விரலை வைக்காமல் குற்றாலிங்கம் நின்றார். அதைத் தொட்டால் எண் அவளுக்குப் போகும். தன்னை எடுத்துவிடச் சம்மதம் என்று அவளே எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தாலும், கேஸ் தீர்ந்தாலும், யாரும் எழுந்து நின்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பில் இரண்டு பெண்கள் ஒருத்தி பின்னலை ஒருத்தி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர்.

அவர் பொத்தானைத் தொட்டார்.

ஒன்றாம் வகுப்பைப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. நான்கு நிமிடம் போயிற்று. மாடத்தி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ரோசமா இருப்பாவ" என்றாள் மெதுவாக. "நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

ஏழு நிமிடம். குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் பாயின் நடுவைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், எனக்காகக் கேக்கல. எனக்குன்னா நான் கேக்கவே மாட்டேன். பிள்ளையளுக்காகத்தான்."

எட்டரை நிமிடம். அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாய் திறந்தது.

"சார், அம்பத்திரண்டு, பூஜ்ஜியம் ஒம்பது, எழுவத்தேழு. யோசிக்காம போடுங்க."

சொல்லிவிட்டு அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டார். "இது நான் சொல்லல" என்றார் விரல்களுக்கு நடுவே.

"தெரியும் சார்" என்றார் குற்றாலிங்கம். இட்டார்.

'ஒப்புதல் ஏற்கப்பட்டது. புதிய எண்ணை இடவும். மீதி ஐம்பது விநாடி.'

புதிய எண் என்றால் அவருடைய எண். அது அவருக்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு அவர் ஒருநாளும் போன் செய்ததில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அவள் எண்ணைத்தான் கொடுத்து வந்திருக்கிறார். அவருடைய கைபேசி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

"மாடத்தி, என் நம்பர் தெரியுமா?"

"ஒங்க நம்பர் யாருக்குத் தெரியும்? எதுன்னாலும் டீச்சரத்தான கூப்பிடுவோம்."

நாற்பது விநாடி.

"பிள்ளைங்களா, யாருக்காவது நம்பர் தெரியுமா? சீக்கிரம்!" என்றார் அலுவலர்.

"தெரியும் சார்!" என்று இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள். வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் ஆரம்பித்தார்கள். "தொண்ணூத்தி நாலு..."

திருவிழாவில் தொலைந்து போனால் போலீஸ்காரரிடம் சொல்ல வேண்டிய எண் அது. டீச்சர் சொல்லிக்கொடுத்தது. இரண்டிரண்டாகச் சொன்னார்கள். அவர் இரண்டிரண்டாக இட்டார். விரல் தானாகவே போயிற்று, ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. கடைசி இரண்டு இலக்கத்தை அலுவலரும் சேர்ந்து சொன்னார்.

பதினோரு விநாடி மீதி இருந்தது. அவர் 'சரி' என்பதைத் தொட்டார்.

'எண் வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று வந்தது. திரையில் பூக்கள் உதிர்ந்தன. பள்ளிக்கூடம் அரைச் சுற்று சுற்றி நின்றது.

அலுவலர் பாயிலிருந்தபடியே கையை நீட்டி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். விரல்விட்டு இலக்கங்களை எண்ணினார்.

"பத்து இருக்கு" என்றார். "மாறிடுச்சுன்னும் வந்திருக்கு. அப்புறம் என்ன?" ஒப்புகைச் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு தயங்கினார். "மொட்டுக்குப் போக எத்தன நாள் ஆகும்?"

"நல்லாப் படிச்சா ஒரு மாசம்" என்றாள் தன்ஷிகா.

மதியம் அவரும் வரிசையில் தட்டோடு நின்றார். ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். மாடத்தி அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குற்றாலிங்கம் வீட்டில் சும்மா இருந்தார். துணி துவைத்தார். எதையும் எதிர்பார்க்கவில்லை என்று இரண்டுமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு டேப்லெட்டைத் தொட்டார். 'பதிவு செய்த கைபேசிக்கு எண் அனுப்பப்பட்டுள்ளது.' பாயில் தன்ஷிகா எழுந்தாள்.

"சார், பதினாறு, எம்பத்தி ரெண்டு, நாப்பது."

இட்டார். இருபத்திரண்டும் திறந்தன. பாயின் ஓரத்தில் அலுவலர் கையிலிருந்த இருபத்துமூன்றாவதும் திறந்தது.

"சார், சொந்த நம்பர் தெரியாம இத்தன வருசம் எப்படி வாத்தியார் வேல பாத்தீங்க?" என்றாள் தன்ஷிகா.

"தெரியல டீச்சர்" என்றார் குற்றாலிங்கம்.

ஒப்புகைச் சீட்டை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். அதில் பழைய எண் என்று ஒரு கட்டம், புதிய எண் என்று ஒரு கட்டம். இரண்டும் தொண்ணூற்று நான்கில் தொடங்கி முப்பத்தொன்றில் முடிகின்றன.