பல் எந்தப் பக்கம்?

“வலது, மேலே, இடது, கீழே” என்று மாமா கடகடவென ஒப்பித்து முடித்தபோது வாயாடியின் குச்சி இரண்டாவது அடையாளத்தில்தான் நின்றிருந்தது.

பள்ளியில் இலவசக் கண் முகாம் நடத்த மருத்துவமனையிலிருந்து வந்த குழு காலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, மருத்துவத் துறையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று ஒரு மணி நேரம் சொன்னது. டாக்டர், நர்ஸ் தவிர மூன்றாவதாக ஒரு வேலை இருப்பதே வாயாடிக்கு அன்றுதான் தெரிந்தது. “கேட்டது போதும், செஞ்சு பாருங்க” என்று கண் பரிசோதகர் அக்கா அவள் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டாள். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, ஆறு மீட்டர் அளந்து, தரையில் கோடு போட்டார்கள். எதிர்ச்சுவரில் அட்டை. அதில் மூன்று பல் சீப்பு போல ஒரே அடையாளம், வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு நிமிஷம் மூடாமல் ‘வாயாடி’ என்று பேர் வாங்கிய வாய் அன்று கப்சிப்பென்று இருந்தது. ஊரே வரிசையில் வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. ஊருக்கு வந்துபோகும் ஒரே பஸ்ஸின் டிரைவர். அரை மணி நேரம் வரிசையில் நின்றவர், முன்னால் போனவர்கள் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்.

வாயாடி குச்சியை அதே வரியின் கடைசிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பின்னோக்கி நகர்த்தினாள். மாமா பழைய பாட்டையே பாடினார். “வலது, மேலே…”

அவள் அருகில் போனாள். “மாமா, நெசமாவே தெரியலையா?”

“மெதுவாப் பேசுடி. நல்லா தெரியுதுன்னு எழுதிடு. கண்ணு போச்சுன்னா வண்டியக் குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்?”

எந்நேரமும் சிரிக்கிற மனுஷன் அப்போது சிரிக்கவில்லை. வாயாடி பேனா மூடியைத் திறந்தாள்.

“எழுத மாட்டேன் மாமா. தினமும் நாப்பது பேர் உங்கள நம்பித்தான் பின்னாடி உக்காந்து வர்றோம்.”

உள்ளதை எழுதினாள். “கண்ணாடி போட்டா தாராளமா ஓட்டலாம்ணே” என்று பரிசோதகர் அக்கா பின்னாலேயே கூப்பிட்டுச் சொன்னாள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாளே லீவு போட்டுவிட்டார்.

ஒன்பது நாள் வேறொரு டிரைவர் வந்தார். ஒரு நாள் கூட நேரத்துக்கு வரவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வாயாடியை முறைத்தார்கள். “எங்க பேசணுமோ அங்க பேச மாட்ட. கூடப் பொறந்தவன் என் வீட்டுப் படி ஏறல, தெரியுமா?” என்று அம்மா பாத்திரத்தோடு சேர்த்து அவளையும் விளக்கினாள். வாயாடி கண் பரிசோதனைப் படிப்புக்கான விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தாள். அப்பா, அம்மா இருவரிடமும் காட்டத்தான் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் காலை பஸ் டாணென்று வந்து நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு மாமா. வாயாடி தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

“ஏய் கண் டாக்டர்! முன்சீட்டுல உக்காரு.”

“டாக்டர் இல்ல மாமா, பரிசோதகர்.”

“ஏதோ ஒண்ணு. அதையே படி. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

வழி நெடுகச் சுவரிலும் பலகையிலும் இருந்ததையெல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே ஓட்டினார். “முன்னால் வேகத்தடை! அட, இத்தன நாளா ரோடு கெட்டுக் கெடக்குன்னுல்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!” பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

பாலம் தாண்டியதும் சட்டென்று பிரேக் போட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார், யாருமில்லை. மாமா கையை நீட்டினார். வெகுதூரத்தில் வயலுக்கு நடுவே, செருப்புகளை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையை ஆட்டிக்கொண்டு, ஒருத்தி வரப்பின் மேல் ஓடி வந்துகொண்டிருந்தாள்.