நல்ல பெயருள்ள ஒரு தகப்பன்

ஸ்பெயின் உள்நாட்டுச் சண்டையில் பிராங்கோ ஜெயித்த மறு வருஷம், எங்கள் வால்தெமோராவில் நல்ல பெயருள்ள ஆம்பளை ஒருத்தர்கூட இல்லாமல் போய்விட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான்.

பள்ளிக்கூட டீச்சர் லியோகாடியா புதிய ஆட்சிக்கு விசுவாசமானவரா என்று நாலு பேர் எழுதித் தர வேண்டும்: ஊர்த்தலைவர், பங்குச்சாமியார், போலீஸ் சார்ஜென்ட், அப்புறம் நல்ல பெயரெடுத்த ஒரு குடும்பத் தகப்பன். முதல் மூன்று பேரும் 'தோற்ற குடியரசுக் கட்சிக்காரி, வகுப்புச் சுவரிலிருந்து சிலுவையைக் கழற்றியவள்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். நாலாவது தாள் இல்லாமல் கோப்பு மாகாணத் தலைநகருக்குப் போகாது. போனால் டீச்சருக்கு வேலை போச்சு.

நல்லபடியாக எழுதினால் எழுதியவன் மேலேயே ஒரு கோப்பு திறப்பார்கள். கெட்டபடியாக எழுத யாருக்கும் மனசு வரவில்லை. சண்டைக் காலத்துப் பஞ்சத்தில், எந்தக் கட்சிக்காரன் பிள்ளை என்று கேட்காமல் பள்ளி அடுப்பில் கொண்டைக்கடலை வேகவைத்துப் போட்டவர் டீச்சர்.

ஊர்த்தலைவர் எலாதியோ தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார்.

"நான் குடிகாரன் தலைவரே, என் பேச்சை யாரு நம்புவா?" என்றார் கொல்லர். மாவு மில்காரர், தான் எடையில் கைவைப்பவன் என்று சத்தியமே செய்தார். ஊருக்கே தெரிந்த சங்கதிதான். அவர் வாயால் கேட்டது அன்றுதான். செருப்பு தைப்பவர், சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து இரண்டு வருஷமாகிறது என்று கையை விரித்தார்.

கடைசியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் காஸ்தோவுக்குப் பெயர்தான் சோறு, தண்ணீர் எல்லாம். தொப்பியைத் துடைக்காமல் வாசல் தாண்டமாட்டார். தன்னைக் கெட்டவன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. அது தலைவருக்கும் தெரியும்.

"உன்மேல யாரு விரல் நீட்ட முடியும், காஸ்தோ? எழுது" என்று பேனாவை நீட்டினார்.

காஸ்தோ தொப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே தன் மானத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறது, இவர் மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே!

"அவரு எழுத முடியாதுங்க" என்றேன். "எங்க மூத்தவன் பிளாஸ், கல்யாணமாகி நாலாம் மாசம் பொறந்தவன். எங்கம்மா ஊர்ல பெத்துட்டு வந்து தேதியை மாத்திச் சொன்னோம். வேணும்னா அங்க போய் ஞானஸ்நான ஏட்டைப் பாருங்க."

பத்தொன்பது வருஷமாக எங்களுக்குள்கூடப் பேசாத விஷயம். தலைவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா பேசறே? நாளைக்குக் கோயில்ல எந்தப் பொம்பள உன் பக்கத்துல உட்காருவா?"

"நின்னுக்கறேன்."

அவர் காஸ்தோவிடம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இவ சொல்றது பொய்தானே? பொய்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

காஸ்தோ மெதுவாக எழுந்தார். அவர் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலைவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"பொய்தான்" என்றார். "நாலு மாசம் இல்ல. மூணு."